திரைக்குப் பின்னால் படித்த டாக்டர் அம்மையார்

நம் மார்க்கத்தில் பிறவாத ஒரு பெண்மணியின் வரலாறு இந்தப் பக்கங்களில் எதற்கு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். பெருமானார் (ஸல்) அவர்கள் நபித்துவத்திற்கு முன் மக்காவில் ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையில் கலந்து கொண்டார்கள். அநீதி இழைக்கப்பட்டவர் யாராயினும் அவர் பக்கம் நிற்பதே அதன் சாரம். இஸ்லாம் வந்த பின்னும் அதைச் சிறப்பித்தே பேசினார்கள். ஆகவே எழுதுகிறோம்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். (அன்று அது தனி சமஸ்தானம், நம் அறந்தாங்கியோ தஞ்சை ஜில்லா. 1974-ல்தான் ஒரே மாவட்டமானோம்.) தந்தை நாராயணசாமி ஐயர் கல்வியாளர். தாயார் சந்திரம்மாள், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கமிருந்த குலத்தவர்.

பருவமடைந்ததும் பள்ளிப் படிப்பு நின்றது. வீட்டிலேயே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது ஊரில் பலத்த எதிர்ப்பு. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்துவிட்டார். மூடிய வண்டியில் கல்லூரிக்குப் போனார். வகுப்பில் ஆண் மாணவர்களுக்கும் அவருக்கும் நடுவே திரை.

இந்த இடத்தில் நம் தாய்மார்களும் தகப்பன்மார்களும் சற்று நிற்க வேண்டும். கோஷாவைக் காரணம் காட்டிப் பெண்பிள்ளையின் படிப்பை நிறுத்தும் வீடுகள் நம்மில் இன்னும் உண்டு. அதே வீட்டார்தான் பிரசவ வேளையில் பெண் டாக்டர் எங்கே என்று அலைகிறார்கள். எல்லாரும் தத்தம் பிள்ளையை நிறுத்தினால் பெண் டாக்டர் எங்கிருந்து வருவார்? அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஸஹாபாக்கள் திரைக்கு இப்பாலிருந்து மஸ்அலா கேட்டுத் தெளிந்ததைப் பயானில் கேட்டுத் தலையசைக்கிறோம். வீட்டுக்கு வந்ததும் மறந்து போகிறோம்.

அம்மையார் 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறினார். சமமாக நடத்துவதாக வாக்குப் பெற்ற பின்பே, 1914-ல், டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

1927-ல் சென்னைச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினராக இருந்து துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் போராடியதே அவர் செய்தவற்றுள் பெரிது என்போம். அந்தப் பெண்கள் கோயில் மானிய நிலத்துக்காகக் கட்டுண்டு கிடந்தனர். ஊழியம் செய்யாமலே நிலம் அவர்களுக்கு உரியதாகும்படி 1929-ல் சட்டம் வந்தது. வழக்கத்தை முழுதும் தடுத்த சட்டம் 1947 வரை காத்திருந்தது. முஸ்லிம் பெண்கள் தங்கிப் படிக்க விடுதி வேண்டுமென்று முயன்றவர்களிலும் அவர் ஒருவர். இது நம்மில் பலருக்குத் தெரியாது.

காந்தியடிகள் கைதானபோது, 1930-ல், பதவியைத் துறந்தார். பொட்டுக்கட்டுக்குத் தப்பி வந்த சில பெண்களுக்கு எந்த விடுதியும் இடம் தரவில்லை. தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுவே ஔவை இல்லமாயிற்று.

உடன்பிறந்த தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவரை விடவில்லை. பல ஆண்டுகள் அலைந்து 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்கச் செய்தார். மதம் பாராமல் அங்கே சிகிச்சை நடக்கிறது. 1968 ஜூலை 22-ல், 81-ஆம் வயதில், அம்மையார் காலமானார்.