சார்ல்ஸ் மெகீ

சார்ல்ஸ் ஜோசப் பாட்ரிக் மெகீ 20ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆஸ்திரேலியத் தாவர நோயியலாளர் ஆவார். வாழையின் முடிக்கொத்து நோய்க்கு வைரஸ் எனப்படும் தீநுண்மமே காரணம் என நிறுவியவர் இவர்.

ஆய்வு

1920களில் இந்நோயால் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து வாழைத் தோட்டங்கள் பெருமளவில் அழிந்தன. 1924இல் அமைக்கப்பட்ட ஆய்வுக் குழுவில் மெகீ பணியாற்றினார். வாழை அசுவினியும் நோயுற்ற கன்றுகளுமே நோயைப் பரப்புகின்றன, மண் அன்று என்பதை 1927இல் வெளியான அவரது அறிக்கை காட்டியது. நோயுற்ற மரங்களை அழித்து, நலமான கன்றுகளை மட்டுமே நட்டதால் வாழைத் தொழில் மீண்டது.

இந்தியாவில்

1940இல் இலங்கையிலிருந்து கேரளத்துக்கு வந்த இந்நோய், பின்னர் கீழ்ப்பழனி மலையின் விருப்பாட்சி வாழையைச் சீரழித்தது. 1990களில் மரபணு வரிசையைக் கொண்டு இத்தீநுண்மத்தின் திரிபுகள் இரு பிரிவுகளாக வகுக்கப்பட்டன. இந்தியத் திரிபுகளும் ஆஸ்திரேலியத் திரிபுகளும் ஒரே பிரிவைச் சேர்ந்தவை.