கோடுகளுக்கு உயிரூட்டியவர்

ஓவியத்தை அசையச் செய்ததோடு நில்லாமல், அதற்குக் குணத்தையும் குறும்பையும் அளித்த முன்னோடி, அமெரிக்க ஓவியர் வின்சர் மெக்கே. மிச்சிகன் மாநிலத்தில் வளர்ந்த அவர், இளமையில் சின்சினாட்டி நகரின் காட்சிக்கூடத்திற்கு விளம்பர ஓவியங்கள் தீட்டினார். பின்னர் நாளிதழ் ஓவியரானார். 1905ஆம் ஆண்டு நியூயார்க் இதழில் தொடங்கிய ‘லிட்டில் நெமோ’ சித்திரத்தொடர் அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது.

1911இல் ஏறத்தாழ நாலாயிரம் ஓவியங்களால் நெமோவைத் திரையில் உலவவிட்டார். கண்டோர் சிலர் அதனை வெறும் வித்தையென ஐயுற்றனர். அவ்வையத்தைக் களைய, உலகில் எங்கும் இல்லாத உயிரொன்றைப் படைக்கத் துணிந்தார். அவ்வாறு 1914இல் பிறந்ததே ‘கெர்ட்டி’ என்னும் தொல்விலங்கு.

அதற்கெனப் பல்லாயிரம் ஓவியங்கள் மெல்லிய தாளில் வரையப்பட்டன. ஒவ்வொரு தாளிலும் பாறையையும் ஏரியையும் மீண்டும் மீண்டும் படியெடுத்தார் உதவியாளர் ஜான் ஃபிட்சிம்மன்ஸ். கெர்ட்டி மூச்சுவிடும் காலஅளவை அறிய, மெக்கே தம் மூச்சையே அளந்து பார்த்தார்.

அரங்கில் சாட்டையுடன் நின்று மெக்கே ஆணையிட, திரையில் கெர்ட்டி காலைத் தூக்கும், மனமில்லையேல் மறுக்கும், கடிந்தால் குழந்தைபோல் அழும். எதிர்வந்த யானையை ஏரியில் வீசியெறியும். ஏரி நீரையே குடித்துத் தீர்க்கும். முடிவில் மெக்கே திரைக்குள் புகுந்து அதன்மீதேறிச் செல்வதாகக் காட்சி நிறைவுறும்.

நாளிதழ்ப் பணி கெடுமெனக் கருதிய இதழ் உரிமையாளர் ஹெர்ஸ்ட், நியூயார்க்கிற்கு வெளியே அவர் மேடையேறுவதைத் தடுத்தார். மெக்கே சோர்ந்துவிடவில்லை. தாம் மேடையில் பேசியவற்றை எழுத்தட்டைகளாக்கித் திரைப்படமாக வெளியிட்டார். ஓவியர் செல்லாத ஊர்களுக்கும் கெர்ட்டி சென்றது.

தம் உத்திகளை அவர் மறைத்ததில்லை. அவற்றுக்குக் காப்புரிமை பெற்ற ஜான் பிரே, அவர்மீதே வழக்குத் தொடுத்தார். வழக்கில் வென்றவர் மெக்கேவே. 1918இல் லூசிட்டானியா கப்பல் மூழ்கிய துயரையும் அசைபடமாக்கினார். குறும்புக்கு மட்டுமன்றிப் பெருந்துயருக்கும் கோடுகள் இடந்தரும் என்பதை அது மெய்ப்பித்தது.

1934இல் மெக்கே மறைந்தார். 1991இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் கெர்ட்டி இடம்பெற்றது. மேடையேறும் வாய்ப்பு அவருக்குக் குறைந்தது. அவர் வரைந்த கோடுகளோ இன்றும் அசைந்துகொண்டிருக்கின்றன.