மௌனத்தைக் கேட்ட மங்கை

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார் பிறர் வயலுக்குப் பூச்சிமருந்து அடிக்கும் கூலியாள். அவர் சட்டையை அம்மா தனியாகத்தான் துவைப்பார். ஆகவே, சூழலியல் வகுப்பில் ரேச்சல் கார்சன் அம்மையாரின் பெயர் வந்தபோது என் செவி தானே விழித்துக்கொண்டது.

1907இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலே, ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில் பிறந்தவர் அவர். வறுமை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மகளின் படிப்புச் செலவுக்காகத் தாய் பியானோ கற்றுக்கொடுத்தார்; வீட்டுப் பீங்கான் பாத்திரங்களையும் விற்றார். எழுத்தாளராகும் ஆசையில் ஆங்கில இலக்கியம் பயிலச் சேர்ந்தவர், இடையில் உயிரியலுக்கு மாறினார். 1932இல் விலங்கியலில் முதுகலைப் பட்டம். அதற்குமேல் ஆராய்ச்சியைத் தொடரக் குடும்பநிலை இடந்தரவில்லை. அரசின் மீன்வளத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். 1951இல் கடலைப் பற்றி எழுதிய நூல் பெரும்புகழ் தரவே, மறு ஆண்டு அப்பணியைத் துறந்தார்.

அந்நாளில் டி.டி.டி.க்கு இருந்த மதிப்பே தனி! அதன் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசே கிடைத்திருந்தது. மலேரியாவிலிருந்து அது பல உயிர்களைக் காத்ததும் உண்மைதான். ஆனால் 1958இல், கொசுமருந்து தெளித்தபின் பறவைகள் செத்து விழுந்ததைக் கூறும் தோழி ஒருவரின் கடிதம் அம்மையாரிடம் வந்தது. நான்காண்டுகள் சான்றுகளைத் திரட்டினார். அவற்றுள் என்னை உலுக்கியது மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்தது. அங்கே எல்ம் மரங்களுக்கு மருந்தடித்தார்கள். இலையுதிர்காலத்தில் விழுந்த இலைகளை மண்புழு தின்றது, வசந்தத்தில் வந்த ராபின் பறவை மண்புழுவைத் தின்றது, துடிதுடித்து இறந்தது. பறவையின்மேல் யாரும் மருந்து தெளிக்கவில்லை!

நூல் வளர வளர, அவர் மார்பில் புற்றுநோயும் வளர்ந்தது. சொந்த நோயின் வெறுப்பில் எழுதினார் என்று பேச்சு வந்துவிடக்கூடாதே என்று அதை மறைத்தார். 1962இல் 'மௌன வசந்தம்' வெளிவந்தது. மருந்து நிறுவனங்கள் சீறின. இரசாயனமே கூடாது என்றார் அவர் எனச் சிலர் சொல்வது தவறு. விளைவறியாமல் கொட்டாதீர்கள் என்பதே அவர் வாதம். 1963இல், தளர்ந்த உடலோடு செனட் குழுவின்முன் சாட்சியம் அளித்தார். 1964 ஏப்ரல் 14இல், ஐம்பத்தாறு வயதில் மறைந்தார். அமெரிக்க வயல்களில் டி.டி.டி. தடை செய்யப்பட்ட 1972ஐ அவர் காணவில்லை.

விடுமுறையில் தந்தையாருக்கு இந்த மண்புழுக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, மருந்தடிக்கிற ஆளைப் பற்றி அந்த அம்மா ஏதும் எழுதியிருக்கிறாரா என்றார். எழுதியிருக்கிறார் என்றேன். அந்தப் பகுதியைத் தமிழில் சொல்லச் சொன்னார். விளக்கை அருகே இழுத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினேன்.