வி. கே. கிருஷ்ண மேனன்

வெங்காலில் கிருஷ்ணன் கிருஷ்ண மேனன் (மே 3, 1896 - அக்டோபர் 6, 1974) இந்திய விடுதலைக்காக இங்கிலாந்தில் பணியாற்றிய செயல்வீரரும், தூதுவரும், அரசியல்வாதியும் ஆவார். 1957 முதல் 1962 வரை இந்தியாவின் பாதுகாப்பு அமைச்சராக இருந்தார். கொரியா, இந்தோசீனா ஆகிய இடங்களில் அமெரிக்கா மேற்கொண்ட படைத் தலையீட்டையும் அதன் இராணுவக் கூட்டணிகளையும் ஐக்கிய நாடுகள் அவையில் கடுமையாக விமர்சித்தவர்களுள் இவர் குறிப்பிடத்தக்கவர்.

இளமை

அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் பகுதியில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் இளங்கலைப் பட்டம் பெற்றார். சென்னையில் அன்னி பெசண்ட் அம்மையாரின் தன்னாட்சி இயக்கத்தில் ஈடுபட்ட இவர், அவரது உதவியுடன் 1924 இல் இங்கிலாந்து சென்றார். அங்கு பேராசிரியர் அரால்டு லாசுக்கியிடம் பயின்றார். இந்தியா லீக் அமைப்பின் மூலம் இந்திய விடுதலைக்கு ஆதரவு திரட்டினார். 1947 முதல் 1952 வரை இலண்டனில் இந்திய உயர் ஆணையராக இருந்தார். 1953 இல் சென்னை மாநிலத்திலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கொரியப் போர்

1950 சூன் மாதம் தொடங்கிய இப்போரில் ஐ.நா. கொடியின் கீழ் போரிட்ட வெளிநாட்டுப் படைகளில் பெரும்பாலானவை அமெரிக்கப் படைகளாகும். 1951 இல் தொடங்கிய போர்நிறுத்தப் பேச்சு, போர்க் கைதிகள் குறித்த சிக்கலால் தடைபட்டது. கைதிகள் அனைவரையும் திருப்பி அனுப்ப வேண்டும் என்று சீனாவும் வட கொரியாவும் கோரின. விருப்பமில்லாதவர்களை அனுப்ப இயலாது என்று அமெரிக்கா மறுத்தது.

1952 இறுதியில் மேனன் ஒரு தீர்வை முன்வைத்தார். கைதிகளைத் திருப்பி அனுப்பவோ தடுத்து வைக்கவோ வன்முறையைப் பயன்படுத்தலாகாது. நடுநிலை நாடுகளின் ஆணையம் ஒன்று அவர்களைப் பொறுப்பேற்க வேண்டும் என்பது அதன் சாரம். அமெரிக்க வெளியுறவுச் செயலர் டீன் அச்சிசன் முதலில் இதனை எதிர்த்தார். திருத்தங்களுக்குப் பின் அமெரிக்கா ஏற்றது. சோவியத் ஒன்றியமும் சீனாவும் நிராகரித்தன. எனினும் 1952 டிசம்பர் 3 அன்று பொதுச்சபையில் 54 வாக்குகளுடன் தீர்மானம் நிறைவேறியது. 1953 சூலை 27 அன்று கையெழுத்தான போர்நிறுத்த உடன்பாட்டில் இக்கருத்தின் அடிப்படை இடம்பெற்றது. ஆணையத்திற்கு இந்தியத் தளபதி கே. எஸ். திம்மையா தலைமை வகித்தார். எத்தரப்பிற்கும் திரும்ப விரும்பாத 88 கைதிகள் 1954 தொடக்கத்தில் கப்பலில் சென்னை வந்து சேர்ந்தனர்.

இந்தோசீனாவும் இராணுவக் கூட்டணிகளும்

1954 செனீவா மாநாட்டில் இந்தியாவுக்கு இடம் தரப்படவில்லை. ஆயினும் மேனன் அங்கு சென்று பல தரப்பினரையும் சந்தித்து இணக்கம் காண முயன்றார். உடன்பாட்டைக் கண்காணிக்கும் பன்னாட்டு ஆணையத்தின் தலைமை இந்தியாவுக்குக் கிடைத்தது. அதே ஆண்டில் அமெரிக்கா பாக்கித்தானுடன் படை உதவி உடன்படிக்கை செய்ததையும், தென்கிழக்காசிய ஒப்பந்த அமைப்பை உருவாக்கியதையும் மேனன் எதிர்த்தார். இத்தகைய கூட்டணிகள் பனிப்போரை ஆசியாவுக்குள் கொண்டுவருகின்றன என்பது இவரது நிலைப்பாடு. பின்னாளில் வியட்நாம் போரையும் எதிர்த்தார்.

விமர்சனங்கள்

1956 இல் சூயசு மீதான பிரித்தானிய, பிரெஞ்சு, இசுரேலியத் தாக்குதலை மேனன் வன்மையாகக் கண்டித்தார். ஆனால் அதே காலத்தில் அங்கேரியில் சோவியத் படைகள் புகுந்தபோது, அங்கு ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் கோரிய தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தார். வல்லரசுகளை இவர் ஒரே அளவுகோலால் அளக்கவில்லை என்ற குறை இந்தியாவிலும் எழுந்தது. 1961 இல் கோவாவில் இந்தியா படை நடவடிக்கை மேற்கொண்டபோது, அமெரிக்கா இதே குறையை இந்தியா மீது கூறியது.

1962 அக்டோபரில் சீனா தாக்கியபோது இந்தியப் படைகள் போதிய ஆயத்தமின்றி இருந்தன. இதற்கு மேனனே பொறுப்பு என்ற எதிர்ப்பு வலுத்ததால் நவம்பரில் பதவி விலகினார். இவர் பல ஆண்டுகள் விமர்சித்து வந்த அமெரிக்காவிடமே நேரு படை உதவி கோர நேர்ந்தது.

இறுதிக்காலம்

1967 தேர்தலில் காங்கிரசு வாய்ப்பளிக்காததால் கட்சியிலிருந்து விலகினார். சுயேச்சையாகப் போட்டியிட்டு 1969 இல் மேற்கு வங்காளத்தின் மிதுனாப்பூரிலிருந்தும், 1971 இல் திருவனந்தபுரத்திலிருந்தும் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1974 அக்டோபர் 6 அன்று தில்லியில் காலமானார்.