சேய்க்கென ஓர் இடம்

குழந்தை என்பது பெரியவரின் சிற்றுருவன்று. அதன் மூச்சுக்குழல் குறுகியது. மூச்சும் நாடியும் விரைவானவை. எடையறிந்தே மருந்தளவு வகுத்தல் வேண்டும். ஆகவே, நோயுற்ற குழந்தைகளுக்குத் தனியிடம் இன்றியமையாதது. அதற்காகச் சட்டமன்றத்தில் குரலெழுப்பியவர் மருத்துவர் முத்துலட்சுமி.

அவர் 1886ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தார். பெண்கல்வி அரிதாயிருந்த அக்காலத்தில், 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1925இல் இலண்டன் சென்று, மகளிர், குழந்தைகள் நோய்கள் குறித்து மேற்பயிற்சி பெற்றார். தாயகம் திரும்பியபின், சென்னை மாகாணச் சட்டமன்றத்திற்கு அழைப்பு வந்தது. மருத்துவப்பணி தடைப்படுமோ எனத் தயங்கினார், எனினும் ஏற்றார். ஒரு மருத்துவரின் கை காப்பது சிலரை. நல்ல சட்டம் காப்பதோ பலரை.

மகளிர்க்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டுமென அவர் வலியுறுத்தினார். அரசும் இணங்கி, மகப்பேறு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவைத் திறந்தது. 1930இல் ஆதரவற்ற சிறுமியர்க்காக ஔவை இல்லத்தையும், 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையையும் நிறுவினார். 1968இல் மறைந்தார்.

இன்று எழும்பூர் முதல் விருதுநகர் வரை அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவுகள் இயங்குகின்றன. ஆயினும், சிறார்க்கெனத் தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லாத ஊர்களில், உயிருக்குப் போராடும் குழந்தையைப் பெரியவர்களிடையே வைத்துக் காக்கும் நிலை இன்னும் உள்ளது. அவர் தொடங்கிய பணி நம்மை நோக்கிக் காத்திருக்கிறது.