கோவையில் பிறந்த பந்தயக் கார்

ஓசூர் சிப்காட் பக்கம் போயிருக்கிறீர்களா? புத்தம் புதிய இருசக்கர வாகனங்களை ஏற்றிக்கொண்டு நீளமான லாரிகள் வரிசையாகப் போகும். சில நேரம் கூண்டு கட்டாத லாரி ஒன்று வெறும் எலும்புக்கூடு போல ஓடிவரும். அதைச் சேஸிஸ் என்பார்கள். நீண்ட இரண்டு இரும்புச் சட்டங்கள், சக்கரங்கள், ஸ்டியரிங், என்ஜின், அவ்வளவுதான். அடுத்த முறை பார்க்கும்போது அதன் என்ஜின் எந்த இடத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள்.

என்ஜினை எங்கே வைப்பது? சின்னக் கேள்விதான். ஆனால் பந்தயக் கார் உலகத்தின் பெரிய பெரிய ஆட்கள் இதற்காகப் பல ஆண்டுகள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். நம் தமிழ்நாட்டிலும் ஒருவர் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்து, யாரும் எதிர்பாராத ஒரு காரைச் செய்து காட்டினார். அவர் பெயர் எஸ். கரிவரதன். நண்பர்கள் சுருக்கமாகக் ‘கரி’ என்று அழைப்பார்கள்.

கரிவரதன் 1954-ல் பிறந்தார். கோயம்புத்தூரின் லட்சுமி ஆலைக் குடும்பத்துப் பிள்ளை. 1910-ல் குப்புசாமி நாயுடு தொடங்கிய ஆலை அது. 1962-ல் நூற்பு இயந்திரங்களையே செய்யும் தொழிற்சாலையையும் அந்தக் குடும்பத்தார் தொடங்கினார்கள். லேத்து, வார்ப்படம், பற்றவைப்பு எல்லாம் தெரிந்த கைகள் நிறைந்த ஊர் கோவை. வெளியூரிலிருந்து வாங்கி வராமல் நாமே செய்து பார்த்தால் என்ன என்ற எண்ணம் அங்கே இயல்பாக வரும். கரிக்கும் வந்தது. ஆனால் அவர் மனம் ஓடியது நூல் பக்கம் இல்லை; சக்கரங்களின் பக்கம்!

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் கார் பந்தயம் என்றால் சோழவரம்தான். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுதளம் அது. போர் முடிந்து விமானங்கள் போன பிறகு, பந்தயக் கார்கள் அதில் சீறிப் பாய்ந்தன. 1953-ல் தொடங்கிய சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம் இந்தப் பந்தயங்களை நடத்தியது. கரிவரதனும் அங்கே ஓட்டினார்.

அங்கே எப்படிப்பட்ட கார்கள் வந்தன தெரியுமா? பணக்காரர்கள் வெளிநாட்டுப் பந்தயக் காரைக் கப்பலில் வரவழைத்தார்கள். மற்றவர்கள் வீட்டில் ஓட்டும் அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு கார்களின் இருக்கைகளைக் கழற்றி, என்ஜினைக் குடைந்து, பந்தயத்துக்குத் தயார் செய்தார்கள். இதுதான் பழக்கம். ஆனால் வெளிநாட்டுக் காரில் ஒரு சிறு பாகம் உடைந்தாலும் அது கடல் தாண்டித்தான் வரவேண்டும். சுங்க வரியோ தலையைச் சுற்றும். நடுத்தரக் குடும்பத்துப் பையன் ஒருவனுக்கு எவ்வளவு திறமை இருந்தாலும் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

இங்கே கரியைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, இத்தாலிக்குப் போய் வருவோம். அப்போதுதான் அவர் செய்த வேலையின் அருமை புரியும்.

என்ஸோ ஃபெராரி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1898-ல் பிறந்தவர். அவர் பெயர் தாங்கிய முதல் கார் 1947-ல் வந்தது. சிவப்பு நிறம், பாயும் குதிரைச் சின்னம்! என்ஜின் காரின் முன்னால்தான் இருக்க வேண்டும் என்பது அவர் நம்பிக்கை. மாடு வண்டியை முன்னால் நின்று இழுக்கிறது, பின்னால் நின்று தள்ளுவதில்லை. காரும் அப்படித்தான் என்று அவர் கருதினார். இது முட்டாள்தனம் இல்லை, பிள்ளைகளே. முன்னால் இருக்கும் என்ஜினுக்கு எதிர்க்காற்று நேராக வந்து குளிர்ச்சி தரும். மூடியைத் திறந்தால் பழுது பார்ப்பதும் எளிது. அந்த முறையில் அவருடைய கார்கள் எத்தனையோ பந்தயங்களில் வென்றிருந்தன.

அதே சமயம் இங்கிலாந்தில் சார்லஸ் கூப்பர் என்பவரும் அவர் மகன் ஜானும் ஒரு சிறிய கராஜ் வைத்திருந்தார்கள். போர் முடிந்த நேரம். கையில் காசு இல்லை. 1946-ல் மோட்டார் சைக்கிள் என்ஜின் ஒன்றை வைத்து ஒரு குட்டிப் பந்தயக் கார் செய்தார்கள். மோட்டார் சைக்கிளில் என்ஜினையும் பின்சக்கரத்தையும் சங்கிலிதானே இணைக்கிறது? சங்கிலி நீளமாக இருந்தால் தொல்லை. அதனால் என்ஜினைப் பின்சக்கரங்களுக்குப் பக்கத்திலேயே, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை, வசதிக்காகச் செய்ததுதான்!

ஆனால் அந்தக் கார் வளைவுகளில் அற்புதமாகத் திரும்பியது. ஏன் என்று நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு மீட்டர் நீளக் கம்பின் இரண்டு முனைகளிலும் தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைக் கட்டுங்கள். கம்பின் நடுவைப் பிடித்து இடமும் வலமுமாகச் சட்டென்று திருப்புங்கள். கை வலிக்கும். திரும்பத் தொடங்கவும் நேரமாகும், நிற்கவும் நேரமாகும். இப்போது அதே பாட்டில்களைக் கைக்கு அருகே நகர்த்திக் கட்டுங்கள். எடை மாறவே இல்லை, ஆனால் எவ்வளவு சுலபமாகத் திரும்புகிறது பாருங்கள்! காரிலும் அப்படித்தான். கனமான என்ஜின் மூக்கில் இருந்தால் திரும்பச் சோம்பும். நடுப்பகுதியை ஒட்டி இருந்தால் சட்டென்று திரும்பும். இன்னொரு லாபமும் உண்டு. முன்னால் இருக்கும் என்ஜினின் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோக நீண்ட தண்டு வேண்டும். அது ஓட்டுநர் இருக்கும் இடத்தைத் தாண்டித்தான் போகும். என்ஜின் பின்னால் போனால் அந்தத் தண்டே தேவையில்லை. ஓட்டுநர் தரையோடு தரையாக உட்காரலாம், காரும் இளைத்துவிடும்.

1959, 1960 இரண்டு ஆண்டுகளும் கூப்பர் காரை ஓட்டி ஜாக் பிரபாம் ஃபார்முலா 1 உலகப் பட்டத்தை வென்றார். ஃபெராரியின் கார்களில் அதைவிடச் சக்தி வாய்ந்த என்ஜின் இருந்தும் பயனில்லை. கடைசியில் அவரும் மனம் மாறினார். 1961-ல் என்ஜினைப் பின்னால் வைத்த காரோடு வந்தார். அந்த ஆண்டு உலகப் பட்டம் அவர் காரை ஓட்டிய ஃபில் ஹில்லுக்கே கிடைத்தது. மாடு வண்டிக்குப் பின்னால் போய்விட்டது!

இனி கோவைக்குத் திரும்புவோம். 1983-ஆம் ஆண்டின் கடைசி மாதத்தில் மாருதி 800 கார் வந்தது. உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள், அந்தக் காருக்காக ஊரே காத்துக் கிடந்த கதையைச் சொல்வார்கள். அதன் என்ஜின் 796 சி.சி. தான்; மூன்றே சிலிண்டர். சக்தி ஏறக்குறைய 40 குதிரைத்திறன். பந்தயக் காரர்கள் பெரிதாக மதிக்கும் கணக்கில்லை. ஆனால் அந்த என்ஜின் எடை குறைந்தது. அதோடு கியர்பெட்டியும் சேர்ந்து ஒரே மூட்டையாக, முன்சக்கரங்களுக்கு நடுவே குறுக்காக உட்கார்ந்திருக்கும்.

எல்லோரும் அதில் ஒரு குடும்பக் காரைப் பார்த்தார்கள். கரிவரதன் அந்த மூட்டையை மட்டும் பார்த்தார். அதை அப்படியே தூக்கி ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால்? முன்சக்கரத்தைச் சுழற்றிய அதே என்ஜின் இப்போது பின்சக்கரத்தைச் சுழற்றும். நீண்ட தண்டு வேண்டாம். கூப்பர்கள் மோட்டார் சைக்கிளை வைத்துச் செய்ததை இவர் மாருதியை வைத்துச் செய்தார். இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் சட்டம், மேலே மெல்லிய ஃபைபர் கண்ணாடி உடல், ஒரே ஓர் இருக்கை. 1980-களின் பிற்பகுதியில் ‘ஃபார்முலா மாருதி’ பிறந்தது.

இதில் இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். எல்லோருக்கும் ஒரே மாதிரி கார், ஒரே என்ஜின்! அதிகப் பணம் வைத்திருப்பவர் அதிக வேகமான காரை வாங்கிவிட முடியாது. முந்த வேண்டுமானால் நன்றாக ஓட்ட வேண்டும். ஏதாவது பழுதானால் மாருதி உதிரிபாகக் கடை கிருஷ்ணகிரியிலும் உண்டு, சேலத்திலும் உண்டு. கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம். வேலிக்கு வெளியே நின்றவர்கள் உள்ளே வரத் தொடங்கினார்கள். கார் பந்தயம் அப்போதும் மலிவானது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கதவு திறந்தது.

1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே அமைத்த ஓடுதளம் திறக்கப்பட்டது. ஃபார்முலா மாருதியில் பந்தயத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன். முதல் பந்தயத்திலேயே முதல் மூவரில் ஒருவராக வந்தார்.

நரேன் எவ்வளவு தூரம் போகப் போகிறார் என்பதைப் பார்க்கக் கரிக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவருக்குப் பறப்பதிலும் ஆசை உண்டு. 1995 ஆகஸ்ட் மாதத்தில் பறக்கும்போது நேர்ந்த விபத்தில் இறந்துபோனார்.

பத்து ஆண்டுகள் கழித்து, 2005-ல், நரேன் கார்த்திகேயன் ஜோர்டன் அணிக்காக ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டினார். அந்தப் போட்டியில் பங்கேற்ற முதல் இந்தியர் அவரே. அதே ஆண்டு அமெரிக்கப் பந்தயத்தில், டயர் சிக்கலால் 14 கார்கள் விலகிவிட, ஓடிய ஆறு கார்களில் நான்காவதாக வந்து புள்ளிகளும் பெற்றார்.

கோவைக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் 2003-ல் ஒரு பந்தயத் தளம் அமைத்தார்கள். அதற்குக் ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ என்றே பெயர் வைத்தார்கள். நீளம் சுமார் 2 கிலோமீட்டர். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் வழியாகப் போகலாம். 2020-களிலும் அங்கே எல்.ஜி.பி. ஃபார்முலா 4 என்ற பந்தயம் நடந்திருக்கிறது. எல்.ஜி.பி. என்பது மோட்டார் சைக்கிள் சங்கிலி செய்யும் கோவை நிறுவனம். அந்தக் கார்களில் இருப்பது மாருதி ஸ்விஃப்ட் என்ஜின். அது எந்த இடத்தில் இருக்கிறது என்று இனி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.