தையல் கற்ற வைத்தியர்

விரல் கறுத்துவிட்டது, காலை எடுக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லக் கேட்டுக் கலங்கிய குடும்பங்கள் கொட்டாஞ்சேனையிலும் உண்டு, வெள்ளவத்தையிலும் உண்டு. நீரிழிவாலும் புகைத்தலாலும் காலின் நாடி அடைபடுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். காலந்தாழ்த்தாது போனால் இன்று பல கால்களைக் காப்பாற்றலாம். அடைப்பைத் தாண்டி இரத்தம் ஓட மாற்றுவழி ஒன்றைத் தைத்துவிடுகிறார்கள். அந்தத் தையலுக்கு வழிகாட்டியவர் அலெக்சிஸ் கரெல்.

1873இல் பிரான்சின் லியோன் நகருக்கருகே கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த கரெல், இயேசு சபைக் குருக்களிடம் கற்றவர். மருத்துவம் படிக்கையில் விசுவாசம் தளர்ந்தது. 1894இல் ஜனாதிபதி சாடி கார்னோ லியோனில் கத்திக்குத்துக்கு இலக்கானார். அறுபட்ட பெரிய இரத்தக் குழாயைத் தைக்க வழியறியாது வைத்தியர்கள் திகைக்க, அவர் உயிர் பிரிந்தது. இது மாணவரான கரெலின் மனதை உறுத்திற்று. லியோன் பட்டுக்குப் பேர்போன ஊரல்லவா! சித்திரத் தையலில் வல்ல பெண்மணி ஒருவரிடம் போய், மெல்லிய ஊசியையும் பட்டு நூலையும் கையாளப் பழகினார். பேராசிரியர்களிடம் கிடையாத பாடம் அங்கே கிடைத்தது. குழாயின் வட்ட வாயை மூன்று தையல்களால் முக்கோணமாக இழுத்துப் பிடித்தால், எதிர்ப்பக்கம் ஊசியில் சிக்காது, வாயும் சுருங்காது. இம்முறையை 1902இல் வெளியிட்டார்.

அதே ஆண்டில் நோயாளர் இரயிலில் வைத்தியராக லூர்து சென்றார். சாகும் தறுவாயில் இருந்த மரி பெய்லி என்ற பெண்ணின் வீங்கிய வயிறு, கெபியருகே அவர் கண்முன்னே வற்றியது. திருச்சபை இதைப் புதுமைகளின் பட்டியலில் சேர்க்கவில்லை. கரெலும் உடனே மனந்திரும்பவில்லை. ஆனால் கண்டதை மறைக்க மறுத்தார்; அதனால் லியோன் மருத்துவ உலகின் பகையைத் தேடிக்கொண்டார்.

1904இல் கடல்கடந்து, அமெரிக்காவில் நாய்களின் நாடியில் நாளத்துண்டை ஒட்டிக் காட்டினார். 1908இல், இரத்தப்போக்கால் வாடிய பச்சிளங் குழந்தையின் கால் நாளத்தைத் தந்தையின் கை நாடியோடு தைத்து உயிர் காத்தார். 1912இல் நோபல் பரிசு பெற்றார். முதலாம் உலகப் போரில், இரசாயனவியலாளர் டேக்கினுடன் சேர்ந்து வகுத்த காயங்கழுவும் முறையால் வெட்டப்பட இருந்த கைகால்கள் பல தப்பின.

இவரைப் புனிதராக்கிவிட வேண்டாம். 1935இல் எழுதிய நூலில் குற்றவாளிகளை நச்சுவாயுவால் கொல்லலாம் என்றார். எந்தக் கத்தோலிக்கனும் ஏற்க முடியாத கருத்து அது. உடல்களைக் காத்த கை அதையும் எழுதியது.

வாழ்வின் பிற்பகுதியில் துறவி ஒருவரின் நட்பால் விசுவாசத்துக்குத் திரும்பினார். 1944 நவம்பர் 5ஆந் திகதி, இறுதித் திருவருட்சாதனங்களைப் பெற்று, பாரிஸில் மரித்தார்.

காலுக்கு மாற்றுவழி தைப்பதை அவர் காணவில்லை. இரத்தம் உறையாது தடுக்கும் மருந்து அவருடைய தொடக்க காலத்தில் இல்லை. 1948இல் அதே பாரிஸில் ஜான் குன்லான் என்ற வைத்தியர், நோயாளியின் காலிலிருந்தே நாளமொன்றை எடுத்து, அதனுள் இருக்கும் வால்வுகள் இரத்தத்தைத் தடுக்காதபடி தலைகீழாகத் திருப்பி, அடைப்புக்கு மேலும் கீழும் தைத்தார். கரெல் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.